‘ங்க’ இல்லாத பதில்

சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி போகிற சாலையை ஒட்டிய ஒரு சந்தையூரில்தான் நான் வைத்தியம் பார்த்தேன். பிறந்தது தஞ்சாவூர் ஜில்லா. சென்னையில் எல்.எம்.பி. படித்து முடித்ததும், டாக்டர் இல்லாத ஊராகப் பார்த்துப் போனால் சீக்கிரம் காலூன்றலாம் என்று நினைத்து அங்கே போனேன். கடைவீதியில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். முன்கட்டில் வைத்தியம், பின்கட்டில் குடித்தனம்.

வந்த புதிதில் அந்தப் பக்கத்துப் பேச்சு எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆமாங்க, இல்லீங்க, வாரேனுங்க என்று எந்தச் சொல்லையும் அவர்கள் மொட்டையாக விடுவதில்லை. கட்டியைக் கீறும்போதுகூட “ஐயோ, உசுரு போகுதுங்க” என்றுதான் கத்துவார்கள். ஊருக்குப் போகும்போது அதைப் பேசிக்காட்டி என் தம்பிகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். நாளடைவில் என் வாயிலும் அது தொற்றிக்கொண்டது. கடையில், பஸ்ஸில், நோயாளிகளிடத்தில் நானும் ‘ங்க’ போட ஆரம்பித்தேன். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது நின்றுபோனால் ஏன் நின்றது என்று கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றியதில்லை.

ஒரு பங்குனி மாதச் சந்தை நாளில் அந்தப் பெண்ணை வண்டியில் அழைத்து வந்தார்கள். கூட வந்தவர்கள் அவள் புருஷனும் மாமியாரும். புருஷன் ஊருக்கு வடக்கே கிணற்றுப் பாசனத் தோட்டம் உள்ள விவசாயி. அவர் வார்த்தைக்குச் சுற்று வட்டாரத்தில் மதிப்பு உண்டு. நான் கடை விரித்த புதிதில் என்னை நம்பி நோயாளிகளை அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பெண்ணுக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்கும். ஓடு காய்கிற வெயிலில் முந்தானையை இரண்டு தோளையும் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

“டாக்டரு சாமி, இவ ஒடம்புல ஏதாச்சும் சீக்கு இருக்குதா, இல்லாட்டி நெனப்புலதான் இருக்குதான்னு பாத்துச் சொல்லிப்போடுங்க. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகோணும்” என்றாள் மாமியார்.

“அவங்களுக்கு என்ன பண்றதுங்க?” என்று புருஷனைக் கேட்டேன்.

அவர் தயங்கினார். வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டு, “அதுங்க... கொஞ்ச நாளா இவ பேச்சுல ‘ங்க’ வர்றதில்லீங்க” என்றார்.

நான் சிரித்துவிட்டேன்.

“சிரிக்காதீங்க சாமி” என்று மாமியார் குறுக்கிட்டாள். “நேத்து இவ மாமனாரு சோறு போதும்னாரு. ‘சேரி’ங்கறா. மாமனாருகிட்ட! நாய விரட்டறாப்பல. இவன் சந்தைக்குப் போயிட்டு வாரேன்னா ‘போ’ங்கறா. ஒறம்பரை சனம் வந்தா ‘வா’ங்கறா. போன மாசம் என்ர அண்ணன் கழட்டுன செருப்ப மறுபடியும் மாட்டிட்டு அப்பிடியே திரும்பிப் போயிட்டாரு. கட்டிட்டு வந்தப்ப இவ வாயி எப்பிடி இருந்துச்சுங்கறீங்க! கோழிக்குக்கூட ‘ங்க’ போடுவா.”

அதைச் சொல்லும்போது கிழவியின் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிறகு மற்றக் குற்றங்களை அடுக்கினாள். விடிந்தால் எழுந்திருப்பதில்லை. பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். குளிக்கச் சொன்னால் நடுங்குகிறாள். பேசும்போதே தூங்கிவிடுகிறாள்.

நான் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினேன். “உங்களுக்கு என்னம்மா பண்றது?”

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். கேள்வி அவளிடம் போய்ச் சேர அவ்வளவு நேரம் பிடித்தது. “குளுருது” என்றாள். பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கரகரத்த குரல்.

“வேற?”

“ஒண்ணுமில்லே.”

“பாத்தீங்களா! டாக்டருக்கே ‘ங்க’ இல்லை!” என்று மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

சோதித்துப் பார்த்தேன். முகமும் கண்ணிமையும் ஊதியிருந்தன. சிறுநீரகக் கோளாறாக இருக்கும் என்று எண்ணி, கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். நீர்கோத்த வீக்கமானால் குழி விழும், விழவில்லை. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினேன். கோளாறு இருந்தால் வெண்மை தட்டும். தட்டவில்லை, தெளிவாகவே இருந்தது. நாடி மெதுவாக ஓடியது. உழைக்கிற உடம்பு அப்படித்தான் ஓடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோல் மரப்பட்டைபோல் வறண்டிருந்தது. புருவங்களின் வெளிப்பாதியில் மயிரே இல்லை. இவை எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. அன்று வெளியே நோயாளிகள் நிறையப் பேர் காத்திருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் கூட்டம் இல்லாத நாளாக இருந்திருந்தாலும் நான் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

“உடம்புல ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் ரத்தம் கம்மி, அவ்வளவுதான்” என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இரும்புச்சத்து மருந்தைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, பெரிய மனுஷன் தோரணையில் அவளைப் பார்த்து, “பெரியவங்ககிட்ட மரியாதையாப் பேசணும்மா” என்றும் சொன்னேன்.

“சேரி” என்றாள்.

கிழவி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேறு சாட்சி வேண்டுமா என்று கேட்பதுபோல் இருந்தது. கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்த ஒரு பெண், முன்பின் தெரியாத டாக்டருக்கு ‘ங்க’ இல்லாமல் பதில் சொல்கிறாள் என்றால் ஒன்று அவளுக்குப் புத்தி கெட்டிருக்க வேண்டும், இல்லை நாக்குக் கெட்டிருக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர்களுக்கு இது விபரீதம் என்று தெரிந்தது. அதனால்தான் நல்ல வெயிலில் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். காரணம் சொல்ல வேண்டியவன் நான்.

சித்திரை முடிவதற்குள் அவளை மேச்சேரிக்கு அப்பால் இருந்த அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பெண் குழந்தை ஒன்று இருந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எனக்கு இதைச் சொன்னவர் இருமலுக்கு வந்த ஒரு தறிக்காரர். “நீங்களே சொல்லிப்போட்டீங்களாமா டாக்டரே, அவளுக்குச் சீக்கு இல்லை, கொழுப்புன்னு.” கொழுப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று அவரிடமும் சொல்லவில்லை.

ஆனி மாதக் கடைசியில் எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று தொல்லை கொடுத்தது. சேலத்துக்குப் போய், பல் வைத்தியர் ஒருவரிடம் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு பிடுங்கிவந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கியபோதும் பாதி வாய் மரத்துக் கிடந்தது. பஸ் குலுங்கியதில் நாக்கை நானே கடித்து, அது தடித்தும் போயிருந்தது. நேரே காப்பி கிளப்புக்குப் போய் உட்கார்ந்தேன்.

“காப்பி குடு” என்றேன்.

கிளப்புக்காரர் எனக்கு மூத்தவர். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். “ஏனுங்க டாக்டரே, ‘ங்க’வச் சேலத்துலயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டீங்களா? பல்லப் புடுங்கச் சொன்னா நாக்கையும் புடுங்கிட்டானா அவன்?”

கிளப்பில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் மறுபடியும் சொல்ல முயன்றேன். ‘குடு’ வரைக்கும் வந்தது. அதற்கு மேல் இன்னும் ஓர் அசைக்கு நாக்கைத் தூக்க வேண்டும், அது எழவில்லை. கனத்துக் கிடந்தது. அவர்களோடு சேர்ந்து சிரிப்பதற்காக வாயைத் திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பங்குனி மாதம் பார்த்த அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. திறந்த வாயின் ஓரத்தில் அவள் நாக்கு தெரிந்தது. பல்லுக்கு இடம் இல்லாத அளவுக்குத் தடித்த நாக்கு. அதையும் நான் பார்த்திருக்கிறேன்!

காப்பி வந்தது. குடிக்காமல் எழுந்து வந்தேன்.

வீட்டில் மருத்துவப் புத்தகத்தை எடுத்துத் தேடினேன். கல்லூரியில் அந்தப் பாடம் ஒரு நாள் காலையில் ஓடிப் போனது. பரீட்சைக்கு வராது என்று நாங்கள் எல்லாருமே அதைத் தாண்டிப் போனோம். தொண்டையின் அடியில், குரல்வளைக்குக் கீழே, தைராய்டு என்று ஒரு சிறு சதை இருக்கிறது. அதில் ஊறும் நீர்தான் உடம்பின் அடுப்பை எரிய வைக்கிறது. அது வற்றிப்போனால் எல்லாமே அணைய ஆரம்பிக்கும்: சூடு, நாடி, வியர்வை, மலம், நினைவு, பேச்சு. தோலுக்கடியில் ஏதோ பசை சேர்ந்து முகம் ஊதும். அது நீர் அல்ல, அதனால் குழி விழாது. பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரி. நிறமும் உடையும் வேறு. முகம் அவளுடையது.

அதைவிடக் கொடுமை, இந்த நோய்க்கு மருந்து இருந்தது. காச நோய்க்கு மருந்து இல்லாத காலம் அது. பாம்பு கடித்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய காலம். ஆனால் இதற்கு ஆட்டின் தொண்டையிலிருந்து அதே சதையை எடுத்து உலர்த்தி மாத்திரையாக விற்றார்கள். சென்னை மருந்துக் கடைக்கு எழுதினால் தபாலில் வரும். நான் படிப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பிருந்தே வந்துகொண்டிருந்தது.

மாத்திரையை வரவழைத்துக்கொண்டு ஆடி பிறந்ததும் மேச்சேரிக்குப் போனேன். காற்று மண்ணை வாரி இறைத்தது. அண்ணன் செம்மறி வளர்ப்பவர். பட்டிக்குப் பக்கத்தில் வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள்; அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை.

“நீங்கதானுங்களா அந்த டாக்டரு?” என்றார் அண்ணன். கோபமாகக் கேட்கவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். சீக்கு இருக்கிறது, நான் முதலில் கவனிக்கவில்லை, மருந்து கொண்டுவந்திருக்கிறேன்.

“எதுலீங்க பண்றாங்க இந்த மருந்த?”

“ஆட்டுக் கழுத்துல இருக்கற சதையிலிருந்து.”

“என்ர ஆட்டுலயும் இருக்குதுங்களா?”

“எல்லா ஆட்டுலயும் இருக்குங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அட கெரகமே! நோம்பிக்கு நோம்பி அறுத்து அதையக் காக்காய்க்கு வீசிட்டு இருந்தேனுங்க. இந்தா அம்மிணி, உன்ர மருந்து உன்ர கண்ணு முன்னாலயே மேயுதாமா.”

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி ஆடுகளைப் பார்த்தாள். “சேரி” என்றாள்.

முதலில் பாதி மாத்திரை என்று சொன்னேன். நெடுநாள் மெதுவாக ஓடிய இருதயத்தைத் திடீரென்று விரட்டினால் நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். நாடி பார்ப்பது எப்படி என்று அண்ணனுக்குக் காட்டிக்கொடுத்தேன். ஆட்டுக்குப் பார்ப்பதுபோல் தொடைப் பக்கம் பார்க்கலாமா என்று கேட்டார். கையிலேயே பாருங்கள் என்றேன். வழியனுப்ப, இருபுறமும் வேலி அடைத்த இட்டேரிப் பாதை வரைக்கும் என்னோடு நடந்துவந்தார்.

“டாக்டரே, இதைய நீங்க ஒரு வார்த்த அவியகிட்டச் சொல்லிப்போடுங்க. நான் சொன்னா தங்கச்சிக்குப் பரிஞ்சு பேசறான்னுதான் சொல்லுவாங்க. நீங்க சொன்னீங்கன்னுதான் கொண்டாந்து உட்டாங்க. நீங்களே மாத்திச் சொல்லிட்டா கூட்டிட்டுப் போயிருவாங்க. அங்க வேற பொண்ணு பாக்கறதாப் பேச்சு அடிபடுதுங்க.”

“முதல்ல மருந்து வேலை செய்யட்டும். முகம் வத்தட்டும். இந்த முகத்த வெச்சுக்கிட்டு நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டாங்க. நல்லாக் குணமாக்கி நானே கொண்டுபோய் விடறேன்.”

“அதுவரைக்கும் பொறுப்பாங்களுங்களா?”

“ஆடி மாசம்தானே. ஆடியில என்ன கல்யாணம் நடந்துடப் போறது?”

அவர் ஒத்துக்கொண்டார். நான் சொன்னதில் பாதி வைத்திய நியாயம். மறுபாதியை இப்போது எழுதுகிறேன். அந்த வைகாசியில் எங்கள் கடைவீதியிலேயே, என்னைவிடப் பெரிய படிப்பான எம்.பி.பி.எஸ். படித்த ஒருவர் வந்து பலகை மாட்டியிருந்தார். தோட்டத்துக்காரர் முன்னால் போய் நின்று, நான் பார்த்தது தப்பு, உங்கள் மனைவியை வீட்டை விட்டு அனுப்ப வைத்தது என் தப்பு என்று சொன்னால், அடுத்த சந்தைக்குள் அது எல்லா ஊர்களுக்கும் போய்விடும். குணமான பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனால் கதை வேறு மாதிரி ஆகும்: யாருக்கும் தெரியாத நோயைக் கண்டுபிடித்துத் தீர்த்த டாக்டர். நான் காத்திருந்தது அந்த நாளுக்காக.

மாத்திரை வேலை செய்தது. ஆடிக் கடைசியில் போனபோது இமை வீக்கம் வடிய ஆரம்பித்திருந்தது. கம்பளியை மடித்துக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அளவைக் கூட்டினேன். “ராத்திரி கையக் கால ஆட்டறாளுங்க, பொரண்டு படுக்கறா, கனவு வருதாமா” என்று அண்ணன் சொன்னார். இன்னும் ‘ங்க’ வரவில்லை. ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைந்திருந்தது.

ஆவணி பிறந்து முதல் சந்தை நாளில் தோட்டத்துக்காரர் என் முன்கட்டுக்கு வந்தார். தோளில் புதுத் துண்டு. கையில் வெற்றிலை பாக்குத் தட்டு.

“கும்புடறேனுங்க டாக்டரே. வளர்பிறையில முகூர்த்தம் வெச்சிருக்குதுங்க. பெருசா ஒண்ணும் பண்ணலை, நெருங்குன சனம் மட்டுந்தான். நீங்க அவசியம் வரோணும்.”

“அந்த அம்மா...” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. சந்தோஷமாகக் கல்யாணம் செய்துகொள்கிற ஆள் முகமாக அது இல்லை. “அவள நெனச்சா எனக்கு வெசனம் இல்லாம இல்லீங்க. பன்னண்டு வருசம் குடித்தனம் பண்ணுனவ. சீக்குன்னா நான் உட்டிருப்பனுங்களா? வித்தாவது பாத்திருப்பேன். நீங்கதான் சொல்லிப்போட்டீங்களே, ஒடம்புக்கு ஒண்ணுமில்லீன்னு. எங்ககிட்ட மனசு உட்டுப் போனவளக் கட்டி இழுத்து என்ன பண்றது. ஏனுங்க, நான் சொல்றது சரிதானுங்களே?”

அவர் கேட்டார். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். இன்னும் முகூர்த்தம் வரவில்லை. அந்த மனிதர் அந்த வார்த்தைக்காகவே வந்தாரோ என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றுவது உண்டு. அப்போது கையில் குழந்தையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

“ம்” என்றேன்.

தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. புரட்டாசியில் மேச்சேரிக்குப் போனேன். பட்டிக்கு முன்னால் ஒரு பெண் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரியவில்லை. அவள்தான் நிமிர்ந்து, “வாங்க டாக்டருங்க. அண்ணா, டாக்டரு வந்திருக்காங்க!” என்றாள். மெல்லிய, தெளிவான குரல். நெற்றியில் வியர்த்திருந்தது. “பாருங்க, எப்பிடி வேர்க்குதுன்னு. வேர்த்து எத்தன நாளாச்சுங்க” என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். வைத்தியனாக இருந்த காலம் முழுவதிலும் அப்படி ஒரு மாற்றத்தை நான் கண்டதில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம்.

மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “எப்பங்க ஊட்டுக்குப் போலாம்? நீங்களே வந்து உடறேன்னீங்களாமா. பாப்பாவுக்குத் தல பின்னி உட ஆளில்லீங்க.”

அண்ணனைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருந்தது, சொல்ல மனம் வரவில்லை. நான்தான் சொன்னேன்.

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு, “எனக்குச் சீக்குன்னு அவியகிட்ட நீங்க சொன்னீங்களா?” என்றாள்.

“இல்லை” என்றேன். அதையாவது மறைக்காமல் சொன்னேன்.

“சேரிங்க” என்றாள்.

இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த ‘ங்க’வுக்குத் தகுதியில்லாதவனாக நான் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளாகவே பேசினாள்.

“அப்ப எனக்கு எதுவுமே ஒறைக்கலீங்க. என்னைய வண்டியில ஏத்திட்டு வந்தப்ப பாப்பா பொறவாலயே ஓடியாந்துச்சு. அம்மா அம்மான்னு அழுதுட்டே ஓடியாந்துச்சு. நான் பாத்துட்டே உக்காந்திருந்தேனுங்க. ஒரு கையக்கூட நீட்டுலை. இப்பத்தானுங்க அது எனக்குக் கேக்குது. பகலெல்லாம் கேக்குது.”

மோர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

“இந்த மாத்திரைய உட்டுப்போட்டா பழையபடி ஆயிருமுங்களா?”

“ஆயிடும்மா. கொஞ்சம் கொஞ்சமா ஆயிடும். அதனால ஒரு நாள்கூட விடக் கூடாது. ஆயுசு பூரா சாப்பிடணும்.”

“சேரிங்க.”

விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாளே என்று நான் நினைத்தேன். புத்தி இவ்வளவு தெளிந்துவிட்டதே என்று மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

அதே வாரம் தோட்டத்துக்குப் போய் அவள் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்று மேட்டில் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி கேட்டார். “இப்ப வந்து சொல்றீங்களே டாக்டரே” என்றார். குழந்தையையாவது ஒரு தடவை அனுப்பி வையுங்கள் என்று கெஞ்சினேன். “அம்மா உடாதுங்க. புதுசா வந்தவளும் இருக்கா. நான் யாருக்குன்னு பதில் சொல்லட்டுமுங்க?” மாட்டைத் திருப்பிக்கொண்டு சாலில் தண்ணீர் இறைக்கப் போய்விட்டார். நான் பயந்ததுபோல் ஊர் என்னைத் தூற்றவில்லை. அவர் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. என் வைத்தியம் முன்போலவே நடந்தது.

மாத்திரை தவறாமல் மேச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தது. நான்தான் போவதைக் குறைத்துக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. நன்றாகத்தான் இருக்கிறாள் என்று அண்ணன் சொல்லியனுப்பியதை ஏற்றுக்கொண்டேன். அடுத்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் அண்ணனே வந்து என் வாசலில் நின்றார்.

“மறுபடியும் ‘ங்க’ போயிருச்சுங்க டாக்டரே.”

அவரோடேயே கிளம்பிப் போனேன். உள்ளே கட்டிலில் இரண்டு கம்பளிக்குள் கிடந்தாள். அதே ஊதிய முகம், அதே இமை. நாடி கைக்கு எட்டுவதற்கே நேரமாயிற்று.

“வா” என்றாள் என்னைப் பார்த்து.

“மாத்திரை சாப்பிடலையாம்மா?”

கேள்வி போய்ச் சேரும்வரை காத்திருந்தேன்.

“தொட்டியில போட்டுட்டேன்.”

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். தினம் காலையில் அவர் கையில் கொடுப்பாராம். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போவாளாம். “ஏன் அம்மிணி இப்பிடிப் பண்ணுனே?”

“ஆட்டோடது ஆட்டுக்கே” என்றாள். அவள் உதட்டு ஓரம் அசைந்தது; சிரிப்பாக இருக்கலாம்.

“வலிக்குதாம்மா? ஏதாவது பண்றதா?” என்று கேட்டேன்.

“இல்லே. இப்பக் கேக்கறதில்லே.”

அண்ணனுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. களியில் பொடித்துக் கலந்து, தெரியாமல் கொடுக்கும்படி அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்றாலும் செய்தார். ஆனால் விழுங்குகிற நிலையை அவள் தாண்டிக்கொண்டிருந்தாள். அவள் இருதயம் இருந்த நிலையில் கூட்டிக் கொடுக்கவும் வழியில்லை. அந்த வருஷம் மார்கழிக் குளிர் அதிகம். ஒரு நாள் காலையில் எழுப்பினார்கள், எழவில்லை. குளிர்ந்து கிடந்தாள் என்று அண்ணன் சொல்லியனுப்பினார். அதற்கு முந்தின பல நாட்களாகவே அவள் அப்படித்தான் குளிர்ந்து கிடந்தாள். அதனால் எப்போது உயிர் போயிற்று என்று அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை.

பிறகு யுத்தம் வந்து முடிந்தது. சுதந்திரமும் வந்தது. எனக்குத் தலை நரைத்திருந்தது. பெண்கள் வந்து உட்கார்ந்ததும் அவர்கள் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால் சொற்களின் கடைசியைக் கேட்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. அப்படி இரண்டு பெண்களை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துக் காப்பாற்றியிருக்கிறேன். அதை வரவு வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

ஒரு சந்தை நாளில், கைக்குழந்தையோடு இளம் பெண் ஒருத்தி வந்தாள். “ஏனுங்க டாக்டரே, கொழந்த பொறந்ததுலீருந்து கழுத்து கொஞ்சம் பெருசாத் தெரியுதுன்னு மாமியா சொல்றாங்க. பாருங்க.” எந்த ஊர் என்று கேட்டேன். புகுந்த ஊரைச் சொல்லிவிட்டு, பிறந்த வீடு வடக்குத் தோட்டம் என்றாள். புருஷன் பெயரோ தகப்பன் பெயரோ கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவள் கழுத்தில் விரல்களை வைத்து, விழுங்கச் சொல்லி, மறுபடியும் விழுங்கச் சொன்னேன். நாடி பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னேன். புருவத்தைப் பார்த்தேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு பதிலும் முழுசாக வந்தது. வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. அவள் பயந்துவிட்டாள்.

“கழுத்துல என்னுங்க?”

“ஒண்ணுமில்லைம்மா. பிள்ளை பெத்தா சில பேருக்கு அப்படி இருக்கும், தானா வடிஞ்சுடும்.” இந்தத் தடவை அது உண்மை.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். பிறகு ஏதோ நினைத்து நின்றாள். “எங்கம்மா என்ன சீக்குல செத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? நீங்கதான் மருந்து குடுத்தீங்கன்னு மாமன் சொன்னாரு. எங்கூட்டுல கேட்டா யாரும் வாயத் தொறக்க மாட்டீங்கறாங்க. அப்பத்தா சாகற வரைக்கும் திமிரு, திமிருன்னே சொல்லிட்டு இருந்தாங்க.”

“தைராய்டுன்னு கழுத்துல ஒரு சதை இருக்கு. அது சுரக்கலைன்னா அப்படி ஆகும். திமிர் இல்லைம்மா. சீக்கு.”

“திமிரு இல்லீங்களா?”

“இல்லை.”

அவள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை அவள் தாலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தாயின் முகம் தேறியிருந்தபோது நான் பார்த்த அதே முகம்.

“யாராச்சும் ஒருத்தரு அப்பவே எங்கப்பங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே” என்றாள்.

“ம்” என்றேன்.

வெளியே அவள் புருஷன் வண்டியில் காத்திருந்தான். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்து, “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.